பிளஸ் டூ வேதியியல் எழுதப்போகும் கண்ணுக்கு

கண்ணு, புதுப் புத்தகங்கள் கைக்கு வந்ததும் வேதியியலைத்தான் கடைசியாகத் திறந்தாய் என்று உன் அம்மா சொன்னாள். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. கோவை, ஈரோட்டுப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஆயுள் முழுக்க இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் கட்டுக்கட்டாய்த் தாள் புரட்டியவன். கெட்டிக்காரப் பிள்ளைகள் சறுக்கியதையும் சுமாரான பிள்ளைகள் நிமிர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட பிள்ளைதான் கடைசியில் தேறியது. கீழே நான் சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

1. பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்காதே.
நம் கொங்குப் பக்கத்து விடுதிப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. பிளஸ் ஒன் புத்தகத்தைச் சில வாரத்தில் மூடிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைப்பார்கள். ‘பிராய்லர் பள்ளி’ என்று கிண்டலடித்த ஊரே கடன் வாங்கிப் பிள்ளைகளை அங்கே சேர்த்தது. அந்த வழக்கத்தை முறிக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். தேர்வுதான் போயிற்று, பாடம் போகவில்லை. பீனாலைவிடப் பாரா-நைட்ரோபீனால் ஏன் வலிமையான அமிலம் என்று கேட்டால், “நைட்ரோ தொகுதி இருப்பதால்” என்று எழுதி நிறுத்திய தாள்கள் எத்தனையோ! அந்தத் தொகுதி எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது, பீனாக்சைடு அயனியின் எதிர்மின்சுமை பரவி நிலைப்படுகிறது என்ற அடுத்த வரிக்கு வேண்டிய அடிப்படை பிளஸ் ஒன் புத்தகத்தில் கிடக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதே.

2. ‘இந்தப் பாடம் வராது’ என்று பந்தயம் கட்டாதே.
இரண்டு தொகுதி, 15 அலகு. உலோகவியலில் தொடங்கி அன்றாட வாழ்வில் வேதியியலில் முடிகிறது. எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினா 15; இரண்டு மதிப்பெண்ணில் ஒன்பதுக்கு ஆறு; மூன்று மதிப்பெண்ணில் ஒன்பதுக்கு ஆறு; ஐந்து மதிப்பெண்ணில் ‘அல்லது’ போட்டு ஐந்து. இரண்டிலும் மூன்றிலும் ஒவ்வொரு வினா கட்டாயம். திடநிலைமையை ஒதுக்கிவைத்தவனுக்கு அந்தக் கட்டாய வினா அங்கிருந்தே வந்து நிற்கும். கைடில் விடை இருக்கும், அந்த விடைக்கு வந்த வழி புத்தகத்தில்தான் இருக்கும். முதலில் புத்தகம், பிறகு பழைய வினாத்தாள், கடைசியில் வேண்டுமானால் கைடு.

3. கணக்கைக் கண்ணால் படிக்காதே, கையால் போடு.
போட்டுவைத்த கணக்கைப் பார்த்துவிட்டு “புரிஞ்சுது” என்று பக்கத்தைப் புரட்டுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. ஒரு முதல்வகை வினையின் வேக மாறிலி நிமிடத்துக்கு 0.0231 என்று வைத்துக்கொள். 0.693-ஐ அதனால் வகுத்தால் அரைவாழ் காலம் 30 நிமிடம். அதோடு எழுந்துவிடாதே. அதே வினை 99.9 சதவீதம் முடிய எவ்வளவு நேரம் ஆகும்? மடக்கை அட்டவணையைத் தொடும் முன் விரலை மடக்கிப் பார். முதல் 30 நிமிடத்தில் பாதி மிஞ்சும், அடுத்த முப்பதில் கால், அதற்கடுத்து அரைக்கால். இப்படிப் பத்தாவது தடவை 1024-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். 0.1 சதவீதம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குதானே! ஆகவே ஏறக்குறைய 300 நிமிடம். இனி சூத்திரத்தில் போட்டு 30 என்றோ 3,000 என்றோ விடை வந்தால், எங்கோ தப்பு என்று நீயே பிடித்துவிடுவாய். விடைக்குப் பக்கத்தில் அலகையும் எழுது; அலகில்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

4. அம்புக்குறிக்கு மேலே எழுதுவதை மறக்காதே.
எத்தனாலையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்து 413 கெல்வினில் வைத்தால் டைஎத்தில் ஈதர். 443 கெல்வினுக்கு ஏற்றினால் எத்திலீன். பொருள் அதுவேதான், முப்பது டிகிரி வித்தியாசத்தில் விளைவது வேறு. வெப்பநிலையை எழுதாமல் விட்ட பிள்ளைக்கு வினை தெரியாது என்றுதான் திருத்துபவர் எடுத்துக்கொள்வார். தினமும் சாயங்காலம் ஐந்து சமன்பாடு, பார்க்காமல் எழுதிச் சமன் செய். எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, தப்பைச் சிவப்பில் நீயே சுழி. உன் தப்பை நீ முதலில் பார்த்துவிட்டால் வேறு யாரும் பார்க்க வேண்டியிராது.

5. பியூரெட்டிடம் பொய் சொல்லாதே.
செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. ‘அதெல்லாம் வாத்தியார் போட்டுடுவார்’ என்கிற பேச்சைக் காதில் வாங்காதே. பியூரெட்டைத் தண்ணீரில் கழுவியபின், அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே ஒருமுறை அலம்பு. கூம்புக் குடுவையை மட்டும் அப்படி அலம்பாதே. ஒட்டிநிற்கும் கரைசல் உன் கணக்கில் கூடுதலாகச் சேர்ந்துவிடும். பெர்மாங்கனேட் அடர்நிறக் கரைசல், அதில் பிறையின் அடிவிளிம்பு தெரியாது. மேல்விளிம்பைக் கண்மட்டத்தில் வைத்துப் படி. ஆக்சாலிக் அமிலத்தோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60, 70 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றிவிட்டுத் துளித்துளியாக விடு. முதல் சில துளிகளின் நிறம் போக மனமில்லாமல் நிற்கும். பதறாதே. வினையில் பிறக்கும் மாங்கனீசு அயனியே அந்த வினையை முடுக்கிவிடும். அதற்குப் பிறகு துளி விழுந்த கையோடு நிறம் மறையும். ஜூன், ஜூலையில் உன் படிப்பும் அந்த முதல் துளிகளைப் போலத்தான் நகரும். அப்போது படித்ததுதான் தைமாதப் படிப்பை முடுக்கும்.

இதையும் கேள். ஆளுக்கொரு செறிவில் கரைசல் கொடுத்த ஒரு தேர்வில், பக்கத்து மேசை அளவீட்டைப் பார்த்து எழுதிய பையன் அச்சடித்தாற்போல அழகான கையெழுத்தில் தப்பான விடை கொடுத்தான். மூன்று அளவீட்டில் ஒன்று முரண்டினால் திருத்தி எழுதாதே, இன்னொரு தடவை செய்.

6. உன் ஊரையே பாடமாகப் படி.
குழம்பு சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டால் மஞ்சள் கறை சிவக்கிறதே, பார்த்திருக்கிறாயா? ஈரோட்டு மஞ்சளில் உள்ள குர்குமின், காரம் பட்டால் நிறம் மாறும் நிறங்காட்டி. கோயமுத்தூர் பவுண்டரிகளில் குப்போலா உலையில் இரும்போடும் கோக்கோடும் சுண்ணாம்புக்கல் போடுவார்கள். மதுக்கரையில் சிமென்டுக்கு வெட்டுவதும் சுண்ணாம்புக்கல்தான். சூட்டில் அது கால்சியம் ஆக்சைடாகி, மணலின் சிலிக்காவைச் சேர்த்துக்கொண்டு கால்சியம் சிலிக்கேட்டாக மிதக்கும். இளக்கி, கசடு என்று உலோகவியலில் நீ மனப்பாடம் செய்வது அதைத்தான். மேட்டூரில் பல்லாண்டுகள் மின்னாற்பகுப்பில் அலுமினியம் எடுத்தார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது நொய்யலில் கலந்த உப்பாலும் சாயத்தாலும். அங்கே கழிவுநீரைத் திரும்ப எடுக்கப் பயன்படுவது எதிர்ச் சவ்வூடு பரவல்; அது உன் பிளஸ் ஒன் புத்தகத்தில் கரைசல்கள் பாடத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் பவுண்டரிக்குப் போய் உலையைத் தூர நின்று பார்த்துவிட்டு வா. அந்த ஐந்து மதிப்பெண் உனக்கு மறக்காது. ஆற்றைக் கெடுத்ததும் வேதியியல்தான், மீட்க வேண்டியதும் அதுதான் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்.

7. கேட்கக் கூசாதே.
கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் ஆண்டு முழுக்கத் தலையாட்டிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். “அணைவுச் சேர்மத்தில் ஈனி என்றால் என்னங்க சார்?” என்று டிசம்பரில் எழுந்து கேட்ட ஒரு பெண் இருந்தாள். வகுப்பு சிரித்தது. இடைவேளையில் சிரித்தவர்களில் பாதிப்பேர் அவளிடமே விளக்கம் கேட்டு நின்றார்கள். உனக்குப் புரிந்ததைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடு, எந்த இடத்தில் நா தடுமாறுகிறதோ அங்கேதான் உனக்கும் ஓட்டை. அரசுப் பள்ளியில் படிக்கிறோம் என்று குறுகாதே. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லிருந்தும் பொறியியலில் 2021-லிருந்தும் 7.5 சதவீத இடம் தனியே இருக்கிறது. அது உன் உரிமை.

8. திருத்துபவரை நினைத்து எழுது.
நாள் முழுக்கத் தாள் பார்த்துக் களைத்த ஒரு மனுஷர் உன் தாளைத் திறப்பார். வினா எண்ணைச் சரியாகப் போடு. கணக்கில் சூத்திரம், பிரதியிட்டது, விடை என்று படிப்படியாக எழுது. கடைசி எண் தவறினாலும் படிக்கு மதிப்பெண் உண்டு. வினாத்தாளைப் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில் பேனாவைத் தேடாதே, எந்தெந்த வினா உன்னுடையது என்று முடிவு செய். பொதுத்தேர்வில் எதையும் வெறுமனே விடாதே. நீட் வேறு மாதிரி: வேதியியலில் 45 வினா, சரிக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழிவு. அங்கே தெரியாததை விட்டுவிடத் தெரிய வேண்டும். துணிவு ஓரிடத்தில், அடக்கம் ஓரிடத்தில்.

9. தூக்கத்தை விற்றுப் படிக்காதே.
விடிய விடியப் படித்தவன் காலையில் தேர்வறையில் ‘ஆனோடு’, ‘கேத்தோடு’ இரண்டையும் மாற்றி எழுதுவான். பத்துமணிக்குப் படு, ஐந்துக்கு எழு. கைபேசியை வேறு அறையில் வை. சாப்பிடாமல் போகாதே.

10. ஒரம்பரைக்காகப் படிக்காதே.
கல்யாண வீட்டில், கிடாவெட்டில் எல்லாம் “எத்தனை மார்க்குடா சாமி?” என்று கேட்பார்கள். மாநில முதலிடப் பட்டியல் வெளியிடுவதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது, ஒரம்பரை இன்னும் நிறுத்தவில்லை. சிரித்துவிட்டு நகர். குறைவாக வந்துவிட்டால் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்கலாம். தவறினால் அந்த ஆண்டே துணைத்தேர்வு எழுதலாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு ஐ.ஐ.டி.யிலும் இடம் கிடைக்கவில்லை, வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் கிடைக்கவில்லை. பரோடாவில் இயற்பியல் படித்தவருக்கு 2009-ல் வேதியியல் நோபல் பரிசே வந்தது. மனசு ரொம்பப் பாரமாக இருந்தால் வீட்டில் வாய் திற. அங்கே முடியாவிட்டால் 104-க்கு அழை, கேட்க ஆள் இருக்கிறார்கள்.

11. அடுத்து என்ன என்பதிலும் உண்மையாயிரு.
பொறியியல் கட்-ஆஃப் 200-ல் வேதியியலுக்கு 50. அதற்காக மட்டும் இதைப் படிக்கிறாய் என்றால் அதுவும் தப்பில்லை. ஆனால் படிக்கப் படிக்க இது பிடித்துப்போனால், அதை மறைத்துவைத்து ஊரார் சொன்ன படிப்பில் போய் உட்காராதே. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பொறியியல் பட்டப்படிப்பும் உண்டு. நம் பக்கத்து ஆலைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் வேதியியல் தெரிந்த பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். அப்பாவிடம் பேச பயமாக இருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போ, நான் பேசுகிறேன். இப்போதைக்கு உனக்கு ஒரு வேலை: புத்தகத்தில் துளியும் புரியாத பக்கம் ஒன்றைக் குறித்துவைத்து, நாளைக்கு முதல் மணி அடிக்கும் முன் உன் ஆசிரியரிடம் போய்க் கேள்.