வண்டித் தகட்டில் காணும் துருப்புள்ளிகள்

ஜவ்வாது மலையில் விளையும் சாமை, புளி, பலா, தேன் முதலியவற்றை அடிவாரத்துச் சந்தைகளுக்கு இறக்குவதும், உரமும் விதையும் மேலே ஏற்றுவதும் இக்காலத்தில் பெரும்பாலும் சிறு சரக்கு மோட்டார்களாலும் ஜீப்புகளாலுமே நடைபெறுகின்றன. கடன்பட்டு வாங்கப்பெற்ற அவ்வண்டியே பல குடும்பங்களுக்கு முதலாயிருக்கின்றது. ஏர்மாட்டின் குளம்பை நாள்தோறும் நோக்கும் குடியானவரும், வண்டியின் வர்ணத்தின்மேல் கடுகினும் சிறிய செம்புள்ளி தோன்றினால் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வேறு சிலர் பதறி, கிடைத்த உப்புத்தாளால் தேய்த்து நல்ல வர்ணத்தையும் போக்கிவிடுகின்றனர். இரண்டும் நஷ்டத்திற்கே வழியாகும். புள்ளி எவ்வகையினது என்று முதலில் அறிந்து, பின்னரே பரிகாரம் செய்தல் வேண்டும்.

துரு உண்டாகும் விதம்

இரும்பு, ஈரம், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60 பங்கினைக் கடந்தால் இவ்வினை விரைவுபடும். மலையில் ஆனி முதல் கார்த்திகை வரை இரு பருவ மழைகளும், அதன்பின் மார்கழிப் பனியும் வருவதால், ஆண்டில் பாதிக்கு மேல் வண்டிகள் ஈரத்திலேயே நிற்கின்றன. அலுமினியப் பாத்திரத்தின்மேல் படியும் மெல்லிய படலம் இறுகி நின்று உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ பொருபொருத்து ஈரத்தை உள்ளே விடுவது. தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு பருமனுடையதாகையால் சுற்றியுள்ள வர்ணத்தையும் தூக்கிப் பெயர்க்கும். மேல்வர்ணம் முழுவதும் சேர்ந்து சுமார் 0.1 மில்லிமீட்டரும், தகடு சுமார் 0.7 மில்லிமீட்டருமே கனமுள்ளவை. ஆகவே புள்ளி துளையாவதற்கு நெடுங்காலம் வேண்டுவதில்லை.

இருவகைப் புள்ளிகள்

முதல் வகை, வெளியிலிருந்து வந்து ஒட்டியது. வெல்டிங் பட்டறையில் இரும்பை அராவும்போது பறக்கும் பொறிகளும், பிரேக்கிலிருந்து உதிரும் தூளும் வர்ணத்தின்மேல் பதிந்து, பனியில் நனைந்து சிவக்கும். இருப்புப்பாதையின் அருகே நிறுத்தப்படும் வண்டிகளிலும் இதனைக் காணலாம். வெள்ளை வண்டியில் இது நன்கு புலப்படும்.

இரண்டாம் வகை, உள்ளிருந்து எழுவது. மலைச்சாலையின் சரளைக்கல் சக்கரத்தால் எற்றுண்டு தகட்டில் பட்டும், கடப்பாரை, மண்வெட்டி முதலியன உராய்ந்தும் வர்ணம் சிதைந்த இடத்தில் இது தோன்றும். பொட்டாஷ், அமோனியம் சல்பேட் முதலிய உரங்கள் சிந்திய இடத்தில் இது வெகு விரைவாகப் பரவும்.

கண்டறியும் முறை

வண்டியை மிகுதியான நீராலும் மென்மையான சோப்பாலும் கழுவி, நிழலில் உலர்த்துக. கையில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தகட்டைத் தடவுக. மணல் தூவியதுபோல் பரவலாகச் சொரசொரத்து, புள்ளியைச் சுற்றிலும் வர்ணம் பழுதின்றியிருந்தால் அது முதல் வகை. புள்ளியின் நடுவே குழியேனும், ஓரத்தில் கொப்புளமேனும் காணப்படின் அது இரண்டாம் வகை.

முதல் வகைக்குப் பரிகாரம்

இதற்கு உப்புத்தாள் ஆகாது. வண்டிகளுக்கென விற்கப்படும் பிசைமண் கட்டியைச் சோப்புநீர் தெளித்த தகட்டின்மேல் அழுத்தாமல் வழுக்கித் தேய்த்தால், பதிந்த துகள்கள் அதில் ஒட்டி வந்துவிடும். மண் அழுக்கடையுந்தோறும் அதனை மடித்துப் புதுமுகம் காட்டவேண்டும். தரையில் விழுந்ததை மீண்டும் உபயோகிக்கலாகாது. எஞ்சிய புள்ளிகளுக்கு இரும்புத்தூள் நீக்கும் திரவத்தைத் தெளித்தால், அது இரும்புடன் கூடி ஊதா நிறமாகும். குளிர்ந்த தகட்டில், நிழலில் மட்டுமே இதனைத் தெளித்து, உலர்வதற்கு முன் கழுவிவிடல் வேண்டும். பித்தளை துலக்கும் புளியைக் கொண்டு தேய்ப்பது தகாது. நாரும் மண்ணும் வர்ணத்தைக் கீறும், புளிப்பு இடுக்குகளில் தங்கி இரும்பை அரிக்கும். முடிவில் மெழுகு பூசுக.

இரண்டாம் வகைக்குப் பரிகாரம்

தை முதல் பங்குனி வரை, வெயில் ஏறிப் பனி உலர்ந்தபின் இவ்வேலையைச் செய்வது நலம். மழைக்காலத்தில் புள்ளி கண்டால் துடைத்து உலர்த்தி, சிறிது வாஸ்லின் தடவி வைக்கலாம். வேலை தொடங்கும்போது அதனை ஸ்பிரிட்டால் முற்றிலும் துடைத்துவிட வேண்டும்.

1. புள்ளியைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டி, பெயர்ந்த வர்ணத்தைக் கத்திமுனையால் நீக்குக. 400 எண் உப்புத்தாளின் சிறு துண்டால் துருவை மட்டும் சுரண்டுக. பல வண்டிகளின் தகடு துத்தநாகம் பூசியது. அப்பூச்சு தான் கரைந்து இரும்பைக் காப்பதாகையால், வேண்டியதற்கு மேல் சுரண்டலாகாது.

2. குழியில் எஞ்சிய துருவுக்குத் துருமாற்றி எனப்படும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலை ஒரு துளி இடுக. அது துருவைக் கரையாத பாஸ்பேட்டாக மாற்றும். தில்லியில் குதுப் மினார் அருகே நிற்கும் சுமார் 1,600 ஆண்டுப் பழமையான இரும்புத் தூணையும், அதன் இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸால் உண்டான இத்தகைய படலமே பெரிதும் காத்து வருகின்றது. கையுறையும் கண்ணாடியும் அணிக. புட்டியில் குறித்தபடி கழுவியோ துடைத்தோ நன்கு உலர்த்துக.

3. ஈர்க்கின் முனையால் பிரைமரை மெல்லிதாக இடுக. அது காய்ந்தபின், வண்டியின் வர்ண எண்ணுக்கு ஒத்த வர்ணத்தை இரண்டு மூன்று முறை, முன்னது காய்ந்தபின் பின்னதாக இடுக. ஒரே முறையில் கனமாக இட்டால் உள்ளே காயாது.

4. ஒரு வாரம் கழித்து, மேடாக நிற்கும் வர்ணத்தை 2000 எண் நீர் உப்புத்தாளால் சோப்புநீர் விட்டு மெல்லச் சமப்படுத்தி, மெழுகு பூசுக.

தடுக்கும் வழிகள்

உரம் ஏற்றிய நாளிலேயே வண்டித் தளத்தைக் கழுவுக. மட்கார்டுக்குள் அடைந்த சேற்றைக் குத்தி எடுக்கவும். கதவின் அடியிலுள்ள நீர்போகும் துளைகளை ஈர்க்கால் திறந்து வைக்கவும். நனைந்த வண்டியைத் தார்ப்பாயால் மூடலாகாது. ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெல்டிங் நடக்கும் இடத்தினின்று வண்டியை அப்பால் நிறுத்துக. ஆனி மாதத்திலும் ஐப்பசியிலும் மழைக்கு முன் ஒருமுறை மெழுகு பூசி, மாதந்தோறும் தகட்டைத் தடவிப் பார்த்து வருவது போதும்.

கொப்புளம் நாணய அளவினும் பெரிதாயின், அல்லது இரு தகடுகள் சேரும் மூட்டிலோ, அடிச்சட்டத்திலோ, பிரேக் குழாயிலோ துரு காணப்படின், வர்ணத்தால் அதனை மறைத்தல் பெருங்கேடு. பளு ஏற்றிய வண்டி கொண்டையூசி வளைவில் இறங்கும்போது மனிதர் உயிர் அக்குழாயையும் சட்டத்தையும் நம்பியிருக்கின்றது. அத்தகைய வண்டியை ஓட்டாமல் நிறுத்தி, தேர்ந்த பட்டறைக்காரரிடம் காட்டுதல் வேண்டும். மற்றப் புள்ளிகள் ஒரு பிற்பகல் வேலைக்கு அடங்குவன. இரண்டு மழைக்காலம் விட்டுவிட்டால், அவையே தகட்டை மாற்றும் செலவாக வந்து நிற்கும்.