பழுது எங்கே?

டிசம்பர் மாத மழை ஓய்வதாக இல்லை. புதிதாக வாங்கிய ஆளில்லா வானூர்தி எட்டு நாளாகப் பெட்டியிலேயே கிடந்தது. தீபாவளி அன்பளிப்புப் பணத்தோடு விடுமுறை வேலையில் சேர்த்ததையும் போட்டு அண்ணன் அதை வாங்கியிருந்தான். அதன் எடை 250 கிராமுக்கும் குறைவு என்பதால் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் அனுமதியின்றி விமான நிலையத்திற்கு 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் பறக்கவிடக்கூடாது, சுமார் 60 மீட்டருக்கு மேல் எழுப்பக்கூடாது என்ற விதிகள் அதற்கும் உண்டு. வரைபடத்தைப் பார்த்து இடத்தையும் அவன் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான்.

ஒன்பதாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தது. அண்ணனும் தம்பியும் திடலுக்கு விரைந்தார்கள். வானூர்தி முழங்கால் உயரம் எழும்பியது. உடனே வலப்பக்க முன்மூலை தாழ்ந்து, புல்லில் சறுக்கி நின்றது. மூன்று முறை முயன்றும் அதே கதைதான்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான்.

“நான் வேலைக்குப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்தாயா?”

“திறந்தேன், அண்ணா. கையில் எடுத்துப் பார்த்தேன். ஆனால், கீழே போடவில்லை.”

“பிறகு எப்படிக் கெட்டுப்போனது?”

தம்பியிடம் பதில் இல்லை. கீழே விழாத பொருள் ஏன் பழுதானது என்பதைத் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் பிள்ளை எப்படி விளக்குவான்? வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

அம்மா மின்தூக்கிப் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்பவர். நடந்ததைக் கேட்டதும், “யார் கெடுத்தது என்பதை அப்புறம் பார்க்கலாம். எது கெட்டிருக்கிறது என்று முதலில் பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது,” என்றார்.

அந்த வானூர்தியில் நான்கு மோட்டார்கள், நான்கு விசிறிகள். எல்லாம் ஒரே திசையில் சுழன்றால் உடல் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கிவிடும். அதனால் குறுக்காக எதிரெதிரே உள்ள இரண்டு வலமாகவும் மற்ற இரண்டு இடமாகவும் சுழல்கின்றன. ஒரு மூலையின் தூக்குவிசை குறைந்தால் வானூர்தி அந்த மூலைப்பக்கம் சாயும். ஆகவே, சந்தேகம் வலப்பக்க முன்மூலையின் மேல் விழுந்தது. அங்கே விசிறி வளைந்திருக்கலாம், மோட்டார் கெட்டிருக்கலாம். அல்லது எது சமதளம் என்பதையே உணர்கருவி தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.

முதலில் வானூர்தியைச் சமமான மேசையில் வைத்து, செயலியின் துணையோடு உணர்கருவியைச் சரிசெய்தான் அண்ணன். திடலில் மறுபடியும் சாய்ந்தது. அடுத்து, வலப்பக்க முன் விசிறியையும் இடப்பக்கப் பின் விசிறியையும் இடம் மாற்றினான். குறுக்கே இருப்பவை ஒரே வகை என்பதால் அவற்றைத்தான் மாற்றலாம். குறை விசிறியில் இருந்தால் இப்போது பின்மூலை சாய வேண்டும். சாய்ந்ததோ பழைய மூலைதான்!

கடைசியில் பாதுகாப்புக்காக நான்கு விசிறிகளையும் கழற்றிவிட்டு மோட்டார்களை மட்டும் இயக்கினான். மூன்று சீராகச் சுழன்றன. நான்காவது சுழலாமல் வெட்டி வெட்டி நடுங்கியது. தம்பி அதைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்தான்.

அண்ணனின் கை திருப்புளியைத் தேடியது. உடலைப் பிரித்து உள்ளே பார்த்துவிடும் ஆசை. “வேண்டாம், கண்ணா. நீ திறந்துவிட்டால் குறை முன்பே இருந்ததா, உன்னால் வந்ததா என்று கடைக்காரர் கேட்பார்,” என்று அம்மா தடுத்தார்.

மறுநாள் இருவரையும் அழைத்துக்கொண்டு அம்மா கடைக்குப் போனார். “ஏழு நாளுக்குள் வந்திருந்தால் மாற்றிக் கொடுத்திருப்போம். இனிப் பழுதுபார்க்கக் கட்டணம் உண்டு,” என்றார் விற்பனையாளர்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘லெமன் சட்டம்’ அப்படிச் சொல்லவில்லை. பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் குறை தெரியவந்தால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர்தான். வாங்கியவர் பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படி கேட்கலாம். தாமே உடைத்ததற்கும் மனம் மாறியதற்கும் அது பொருந்தாது. அம்மா இதை அமைதியாக எடுத்துச் சொன்னார்.

“கீழே விழுந்ததா, தம்பி?” என்று விற்பனையாளர் அண்ணனைக் கேட்டார்.

“முழங்கால் உயரத்திலிருந்து புல்லில் சறுக்கியது, அங்கிள். ஆனால், முதல்முறை எழும்பியபோதே சாய்ந்தது,” என்று அவன் மறைக்காமல் சொன்னான். காணொளியையும் காட்டினான். விற்பனையாளர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, ரசீதைப் பிரதி எடுத்துக்கொண்டு வானூர்தியை வாங்கி வைத்தார்.

பத்து நாள் கழித்துக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. அண்ணனும் தம்பியும் மட்டும் போனார்கள். பிரித்து வைத்திருந்த பழைய வானூர்தியை விற்பனையாளர் காட்டினார். மோட்டாருக்குப் போகும் மூன்று மெல்லிய கம்பிகளுள் ஒன்றில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. தொழிற்சாலையிலேயே நேர்ந்த குறை. தம்பி அந்தக் கம்பியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்கு வெளியே வந்ததும் அண்ணன் புதிய பெட்டியை அவனிடம் நீட்டினான்.

“அன்றைக்கு உன்னை நம்பாமல் பேசிவிட்டேன்டா. இதை நீயே திற.”

“கீழே போட்டுவிட்டால்?”

“போட்டால் சொல். பார்த்துக்கொள்ளலாம்.”

தம்பி பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு நடந்தான். வானம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.