வேலை மாறும் இடைவெளியில் அமெரிக்கா

பழைய கம்பெனியில் கடைசி நாள் முடிந்துவிட்டது, புது வேலையில் சேர ஒன்றரை மாதம் இருக்கிறது, அதற்குள் நியூஜெர்சியில் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போய்வரலாம் என்கிறாய். தாராளமாகப் போ, தங்கச்சி. உன்னிடம் இருப்பது சிங்கப்பூர் பாஸ்போர்ட். விசா தேவையில்லை, எஸ்டா (ESTA) என்ற ஆன்லைன் முன் அனுமதி போதும். மாப்பிள்ளை இங்கே பிஆர்தான், பாஸ்போர்ட் இந்தியாவுடையது. அவர் விசா எடுத்தே ஆகவேண்டும்.

எஸ்டாவுக்கு அமெரிக்க அரசின் தளத்திலேயே விண்ணப்பம் போடு. கட்டணத்தை 2025 செப்டம்பரில் 21 டாலரிலிருந்து 40 ஆக ஏற்றினார்கள். நூறு, நூற்றைம்பது கேட்டால் அது இடைத்தரகர் தளம். படிவத்தில் வேலை பற்றிய கேள்விக்கு, விட்டு வந்த கம்பெனியையும் எழுதலாம். இன்னும் அங்கேயே இருப்பதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே.

எஸ்டா கிடைத்தாலும் உள்ளே விடுவதா என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். வேலையில் இல்லாதது குற்றமில்லை. நீ ஊர் திரும்புவாயா என்பதே அவர் கவலை. சேரும் தேதி போட்ட புது வேலைக் கடிதம், திரும்பும் டிக்கெட், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் தாளில் எடுத்து கைப்பையில் வை.

எனக்குப் பயமெல்லாம் உன் வாயை நினைத்துத்தான். "அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கு, கூடமாட ஒத்தாசைக்குப் போறேன்" என்று நம் வீட்டில் சொல்வது சாதாரணம். அதிகாரியின் காதில் அது ஆயா வேலையாக விழும். சம்பளமே இல்லை, சாப்பாடும் படுக்கையும்தான் என்றாலும் வேலை என்று எடுத்துக்கொள்ள அவருக்கு இடமுண்டு. போனையும் வாங்கிப் பார்க்கலாம்; "நீ வந்ததும் ஆயாவை நிறுத்திடுறேன்" என்று அவள் அனுப்பிய வாட்ஸ்அப் அதில் இருக்கும்! அந்த மெசேஜை அழிப்பதால் பயனில்லை, ஏற்பாட்டையே கைவிடு. ஆயா அப்படியே இருக்கட்டும்; நீ குழந்தையைக் கொஞ்சிவிட்டு, ஊர் சுற்றிவிட்டு வா. திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் மேல்முறையீடு கிடையாது. அந்த உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் விசா இல்லாமல் போகிறாய்.

தங்க 90 நாள் அனுமதி, நீட்டிக்க முடியாது. நயாகராவில் கனடா பக்கம் போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒரு நாள் கூடினாலும் இனி ஒவ்வொரு முறையும் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால் புது கம்பெனி சேரும் தேதியைத் தள்ளிப்போட்டாலும், டிக்கெட்டை மாற்றும் முன் நாட்களை எண்ணிப் பார்.