அயலானை அறிந்து நேசித்தல்

வேதபகுதி: லூக்கா 10:25-37



பவுர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் திருவண்ணாமலைக்கு வந்து, 14 கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வருகிறார்கள். அதே ஊரில் மசூதிகளும் கிறிஸ்தவ ஆலயங்களும் உண்டு. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் முயற்சியால் 'குவோ வாடிஸ்' என்னும் சமய உரையாடல் மையமும் அங்கே உருவானது. இப்படிப்பட்ட ஊர்களில் மிஷன் ஆஸ்பத்திரியை நாடி எல்லா மதத்தாரும் வருகிறார்கள். நோய் மதம் பார்த்து வருவதில்லை. நோயாளியோ தன் விசுவாசத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை.

நோயாளிகளைச் சந்தித்து ஆறுதல் சொல்லும் போதகரைச் சாப்ளேன் என்கிறோம். இஸ்லாமியரிலும் இப்பணியைச் செய்கிறவர்கள் உண்டு. பாலஸ்தீனத்தின் நாப்லஸ் ஊரைச் சேர்ந்த இமாம் யஹ்யா ஹெண்டி அவர்களில் ஒருவர். இயேசு சபையாரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1999-ல் அவரைச் சாப்ளேனாக நியமித்தது. முழுநேர முஸ்லிம் சாப்ளேனை நியமித்த முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் அதுவே. பெதஸ்தா என்ற இடத்திலுள்ள கடற்படை மருத்துவமனையிலும் அவர் சாப்ளேனாகப் பணியாற்றினார்.

படுக்கையருகே இப்படிப்பட்டவரால் என்ன பயன்? ஒரு காரியத்தை எண்ணிப் பாருங்கள். ரமலான் மாதத்தில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர், நோன்பு முறியும் என்று மாத்திரையை மறுக்கிறார். டாக்டர் வற்புறுத்தினால், 'இவருக்கு நம் மார்க்கம் தெரியாது' என்று நினைப்பார். நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தருகிறது என்று ஓர் இமாம் எடுத்துச் சொன்னால், மனச்சமாதானத்தோடு விழுங்குவார். மரணத்தருவாயில் முகத்தைக் கிப்லாவுக்கு, அதாவது நம் நாட்டில் மேற்குத் திசைக்கு, திருப்புவதும், தாமதமின்றி அடக்கம் செய்வதும் அவர்கள் முறை. இதை அறிந்த நர்ஸ், துக்கத்திலிருக்கும் குடும்பத்தின் பாரத்தைக் குறைக்கிறார்.

இது அந்நிய தேசத்துக்கு மட்டும் உரியதல்ல. முன்னாள் ஜனாதிபதி அப்துல் கலாமின் தகப்பனார் ஜைனுலாப்தீன், ராமேஸ்வரத்தில் இமாமாக இருந்தார். கோயில் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகளும், பாதிரியார் போதலும் அவருடைய சிநேகிதர்கள். மூவரும் கூடி ஊர்க்காரியங்களைப் பேசுவார்கள். சாஸ்திரிகளின் மகனருகே அமர்ந்திருந்த சிறுவன் கலாமைப் புதிய ஆசிரியர் ஒருவர் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். மூவரும் அவரை அழைத்துப் பேச, அவர் மனம் மாறினார். கலாமே இதை எழுதியிருக்கிறார். பிரச்சனை வந்தபின் அவர்கள் சிநேகத்தைத் தேடவில்லை. அது முன்பே வளர்ந்திருந்தது.

நாம் கற்கும் பாடங்கள்:

1. அயலானின் தேவையை அவனிடமே கேட்டு அறிய வேண்டும். நாமாக ஊகிக்கக்கூடாது.

2. பிற மதத் தலைவர்களோடு நல்ல நாளிலேயே பழக வேண்டும். அவசர வேளையில் அழைக்க அப்போதுதான் ஆள் இருக்கும்.

3. இதற்காக நம் விசுவாசத்தை விட வேண்டியதில்லை. அந்த இமாம் இமாமாகவும், பாதிரியார் பாதிரியாராகவுமே இருந்தார்கள். நேசத்துக்கு மாதிரியாக ஆண்டவர் நிறுத்தியதும் யூதர் விலக்கிவைத்த ஒரு சமாரியனைத்தானே!

சிந்திக்க:

அ. நம் தெருவிலுள்ள இஸ்லாமியக் குடும்பத்தின் பெயர் நமக்குத் தெரியுமா?

ஆ. நம் ஊர் இமாமை ஆஸ்பத்திரிக்கு அழைக்க நேர்ந்தால், நம் சபையில் யார் அவரிடம் போவார்?