கோல் வித்தியாசமும் முழுக்களும்

கற்றல் விளைவு: முழுக்களைக் கழித்தல், ஒப்பிடுதல், தரவை ஆராய்ந்து முடிவெடுத்தல்.

தரவு 1: 2022இல் 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை இந்தியா நடத்தியது. நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்று ஆடாமலே நம் அணிக்கு இடம் கிடைத்தது. முடிவுகள்: அமெரிக்காவிடம் 0–8, மொராக்கோவிடம் 0–3, பிரேசிலிடம் 0–5.

தரவு 2: 2025 ஆகஸ்டில் மியான்மரின் யாங்கோன் நகரில் 20 வயதுக்குட்பட்டோர் மகளிர் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று நடைபெற்றது. இந்தோனேசியாவுடன் 0–0 சமன், துர்க்மெனிஸ்தானுடன் 7–0 வெற்றி, மியான்மருடன் 1–0 வெற்றி. இருபது ஆண்டுகளுக்குப் பின் இந்தியா தகுதி பெற்றது.

செயல்பாடு: அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழிக்கச் சொல்லுங்கள். முதல் தரவில் 0−16 = −16; இரண்டாவதில் 8−0 = +8. எண்கோட்டில் குறித்தால் இடைவெளி 24. வெற்றிக்கு 3, சமனுக்கு 1 எனப் புள்ளிகள் 0, 7.

கலந்துரையாடல்: "2022 அணி திறமையற்றதா?" எனக் கேளுங்கள். எதிரணிகள், வயதுப் பிரிவு, போட்டியின் நிலை ஆகியவை வேறு என்பதை மாணவர்களே கண்டறியட்டும். கணக்கு சரியாக இருந்தாலும் அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறாகலாம்.

தொடர்பணி: சிங்கப்பெருமாள் கோவில் போன்ற புறநகர்ப் பள்ளிகளில் மாணவியர் நான்கு அணிகளாகப் பிரிந்து, ஐந்து நிமிட ஆட்டங்கள் ஆடலாம். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றுடன் மோதினால் மொத்தம் எத்தனை ஆட்டங்கள்? 12 என்போர் ஒவ்வோர் ஆட்டத்தையும் இருமுறை எண்ணியவர்கள், விடை 6. பட்டியலை மாணவியரே தயாரிக்கட்டும். அன்று மைதானம் முழுவதும் அவர்களுக்கே கிடைப்பதை உறுதிசெய்வது நம் பொறுப்பு.