கற்பனைக் கட்டுரை எழுதுவோம்: "இருபது ஆண்டுகளின் பின் எனது தோட்டம்"



"நான் காண விரும்பும் எதிர்காலம்", "இருபது ஆண்டுகளின் பின் எனது ஊர்" என்பன போன்ற கட்டுரைத் தலைப்புகளைத் தவணைப் பரீட்சைகளிலும் மாதிரி வினாத்தாள்களிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள். தரவுகள் தேவையில்லை, மனம்போல எழுதலாம் என்று எண்ணிப் பலர் இத்தலைப்பைத் தெரிவு செய்கின்றனர். ஆனால் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரே கட்டுரையையே திரும்பத் திரும்ப வாசிக்க நேர்கின்றது. வானத்தில் கார்கள் பறக்கின்றன, ரோபோக்கள் சமைக்கின்றன, எல்லோரும் சந்திரனுக்குச் சுற்றுலா போகின்றனர். எட்டியாந்தோட்டையில் பால் வெட்டும் தந்தையின் மகனும் பலாங்கொடையில் கொழுந்து பறிக்கும் தாயின் மகளும் எழுதிய கட்டுரைகளில் ஓர் இறப்பர் மரமோ ஒரு தேயிலைச் செடியோ இல்லை. கொழும்பில் இருக்கும் பிள்ளையும் இதையே எழுதலாம். பிறகு உங்களுக்கு மட்டும் ஏன் கூடிய புள்ளி தரவேண்டும்?

பறக்கும் கார் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வருவதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். இதற்கு நல்லதோர் உதாரணத்தைப் பார்ப்போம்.

வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா ஹுசைன் என்ற பெண்மணி பாடசாலைக்கே சென்றவர் அல்லர். அக்காலத்தில் அவருடைய குடும்பத்துப் பெண்பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அண்ணனிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்ட அவர், 1905 ஆம் ஆண்டில் "சுல்தானாவின் கனவு" என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில் பிரசுரமானது. அக்கதையில் வரும் நாட்டில் பெண்கள் பல்கலைக்கழகம் நடத்துகின்றனர். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கின்றனர். மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கின்றனர். ஆகாய வண்டியில் போகின்றனர். ஆண்கள்தான் வீட்டுக்குள் இருக்கின்றனர்! வாசிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அங்கே வண்டி பறப்பதற்குக் காரணம் பெண்கள் விஞ்ஞானம் படித்ததுதான். அவருடைய ஆசையின் வேர் அங்கேதான் இருந்தது. ஆறு ஆண்டுகளின் பின், 1911 இல், அவர் கல்கத்தாவில் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலையை நடத்தத் தொடங்கினார். அது ஒரு சில மாணவிகளுடன் ஆரம்பமாகி இன்றும் இயங்கி வருகின்றது.

இனி எமது மலையகத்துக்கு வருவோம். வெளியார் தோட்டத்துக்குள் நுழைவதைத் துரைமார் தடுத்த காலத்தில், தஞ்சையிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் துணி வியாபாரி போல வேடமிட்டு லயங்களுக்குச் சென்று தொழிலாளரின் நிலையை அறிந்தார். 1931 இல் அட்டனில் தொழிலாளர் சங்கம் ஒன்றை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் உரிமைப் பாடல்களைப் பாடினார். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியவேண்டும் என்பதற்காக, மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் அவை அமைந்தன. 1940 இல் அவர் ஒரு பாடல் நூலும் வெளியிட்டார். பகல் முழுவதும் பெரட்டுக்களத்திலும் மலையிலும் அதட்டலையே கேட்ட காதுகளுக்கு, "உனக்கும் உரிமை உண்டு" என்ற செய்தி முதலில் பாட்டாகவே போய்ச் சேர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. இவர் 1914 இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தார். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அடுத்த ஆண்டே வந்த 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. வாக்குச் சீட்டு இல்லாமற்போன மக்களைப் பற்றி அவர் கவிதை எழுதினார், நாவல் எழுதினார், எமது மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவருடைய இரண்டு நாவல்களின் பெயர்களை மட்டும் பாருங்கள்: "வீடற்றவன்", "இனிப் படமாட்டேன்". முன்னையது இருக்கின்ற நிலையைச் சொல்கின்றது. பின்னையது இனி வரும் காலத்தைப் பற்றியது. (இலக்கணப் பகுதிக்கும் இது உதவும்: "படமாட்டேன்" என்பது தன்மை ஒருமை எதிர்மறை வினைமுற்று.) எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. அதைக் காண வேலுப்பிள்ளை உயிரோடு இல்லை. அவர் 1984 இல் காலமானார்.

உங்கள் கட்டுரைக்கு இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இவர்கள் எல்லோரும் தம் கண்முன் இருந்த குறையிலிருந்தே தொடங்கினர். ஆகவே, பேனையை எடுத்ததும் "சொர்க்கம்", "பூஞ்சோலை" என்று எழுதாதீர்கள். உங்கள் லயத்தில் உங்களை உறுத்தும் ஒன்றை முதலில் நினையுங்கள். மழை பெய்தால் மரத்தில் வெட்டு இல்லை, அன்று அப்பாவுக்குப் பேர் விழாது. பீலியில் தண்ணீருக்கு வரிசை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பதென்றால் தூரத்து நகரத்துக்குப் போகவேண்டும். எதையாவது ஒன்றை எடுங்கள், போதும். எல்லாவற்றையும் எடுத்தால் கட்டுரை பட்டியலாகிவிடும்.

நான் இங்கே மண்சரிவை எடுத்துக்கொள்கின்றேன். 2016 மே 17 ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க சாமசர மலை சரிந்ததை உங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுப்பஹனத் தோட்டத்தில் லயமும் அதில் இருந்தவர்களும் மண்ணுள் புதைந்தனர். இப்பகுதிப் பிள்ளைக்கு "எதிர்காலம்" என்ற தலைப்பு வந்தால், எங்கே வீடு இருக்கும் என்பதே முதற் கேள்வி. பின்வரும் பந்தியை வாசியுங்கள்.

"2045 ஆம் ஆண்டு மே மாதம். மூன்று நாளாக விடாத மழை. அப்பாயி இஸ்தோப்பில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். 'பயப்படாதீங்க அப்பாயி, மழைமானி இன்னும் அபாய அளவுக்கு வரல' என்கிறேன். பாடசாலைக்குப் பின்னால் அதைப் பொருத்தியவர், பழைய லயத்தின் ஐந்தாம் காம்பிராவில் பிறந்த எங்கள் அக்கா. எங்கள் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் கேட்டு, பெற்றார்கள் இரண்டு வருடம் கல்விப் பணிமனைக்கு நடந்தார்கள். ஆசிரியர் வந்தபோது அக்கா பத்தாம் ஆண்டில் இருந்தார். இன்று மலைச்சரிவுகளை ஆராய்வதே அவர் தொழில். பழைய லயம் நின்ற சரிவில் இப்போது மரங்கள் மட்டுமே நிற்கின்றன. நாங்கள் கீழே, சமதரையில், தனித்தனி வீடுகளில் இருக்கிறோம். காணி உறுதி அப்பாயியின் பெயரில். அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, மடித்து வைத்துவிடுவார்."

இப்பந்தியில் பறக்கும் கார் இல்லை. மழையும் மலையும் இன்று உள்ளவைதான். மாறியிருப்பது மக்களுடைய நிலை. அது எவ்வாறு மாறியது என்பதும் தெரிகின்றது: பெற்றார் நடந்தனர், ஆசிரியர் வந்தார், ஒரு பிள்ளை படித்தாள். இந்த "எவ்வாறு" என்பதைத்தான் அநேகமான மாணவர்கள் விட்டுவிடுகின்றனர். தூங்கி எழுந்ததும் எல்லாம் மாறியிருந்தது என்று எழுதினால் பரீட்சகர் எதை நம்புவார்? கடைசியில் "அனைத்தும் கனவு என்று உணர்ந்தேன்" என்று முடிப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அம்முடிவை வாசித்து வாசித்து எனக்கே அலுத்துவிட்டது!

பிஸ்கட் டின்னையும் கவனித்தீர்களா? "அப்பாயி மிகவும் மகிழ்ச்சியடைந்தார்" என்று எழுதியிருந்தால் ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

மொழிநடை பற்றி ஒரு வார்த்தை. உரையாடலில் வீட்டுப் பேச்சு வரலாம், மேற்கோட்குறிக்குள் எழுதுங்கள். ஏனைய பகுதி எழுத்து வழக்கில் அமைய வேண்டும். நிகழ்காலத்தில் தொடங்கினால் அதிலேயே செல்லுங்கள். பழைய நிலையைச் சொல்லும்போது மட்டும் இறந்தகாலம் வரட்டும். காம்பிரா, இஸ்தோப்பு, பீலி, பெரட்டு போன்ற தோட்டச் சொற்களை எழுத வெட்கப்பட வேண்டாம். சி.வி.யும் எமது ஏனைய எழுத்தாளர்களும் அச்சில் ஏற்றிய சொற்கள் அவை.

பயிற்சி

உங்கள் தோட்டத்தில் அறுபது வயதைக் கடந்த ஒருவரிடம் சென்று, "எங்கள் வயதில் நீங்கள் எதற்கு ஆசைப்பட்டீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே பயிற்சிக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் இன்னும் நிறைவேறாத ஓர் ஆசையை எடுத்து, அது நிறைவேறிய ஒரு நாளை "இருபது ஆண்டுகளின் பின் எனது தோட்டம்" என்ற தலைப்பில் ஏறத்தாழ 200 சொற்களில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவருக்கே வாசித்துக் காட்டி, "இப்படி நடக்குமா?" என்று கேளுங்கள். நடக்காது என்று அவர் சொல்லும் இடத்தில் கோடிட்டு, அப்பந்தியை மட்டும் திரும்ப எழுதுங்கள்.