ஷூ கம்பெனிச் சம்பளத்தில் குழந்தைக்கு என்ன கிடைக்கும்?

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கும் ஊர்களில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “பக்கத்து வீட்டுக்காரிக்கும் எனக்கும் ஒரே சம்பளம். அவளுக்குப் பணம் வருகிறது, எனக்கு ஏன் வரவில்லை?” சம்பளத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் திட்டம் உங்கள் குடும்பத்தில் யார் யாரை எண்ணுகிறது? ரேஷன் கார்டு எண்ணுவது ஒரு விதம், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. எண்ணுவது வேறு விதம்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இத்திட்டத்துக்கு ரேஷன் ஸ்மார்ட் கார்டுதான் குடும்பம். ஒரு கார்டுக்கு ஒரு பெண், வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். தொடக்க விதிப்படி குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். கணவனும் மனைவியும் கம்பெனிக்குப் போய் ஆளுக்கு மாதம் 11,000 வாங்கினால் ஆண்டுக்கு 2,64,000 ஆகிவிடுகிறது, வரம்பைத் தாண்டியாயிற்று. ஒருவர் மட்டும் 20,000 வாங்கும் வீடு 2,40,000-இல் உள்ளே நிற்கிறது. பிரிட்டனில் குழந்தைகளுக்கான உதவித்தொகைக்கு இந்தக் கணக்கு தலைகீழ்: பெற்றோரில் அதிகம் சம்பாதிப்பவர் ஒருவரின் வருமானம் 60,000 பவுண்டைத் தாண்டினால்தான் பிடித்தம் தொடங்கும், ஆளுக்கு 59,000 வாங்கும் தம்பதிக்கு முழுத்தொகையும் உண்டு. இரண்டிலும் யாரோ ஒருவர் வயிற்றெரிச்சல் படத்தான் செய்வார். ஆனால் வீட்டு வேலையும் பார்த்துக் கம்பெனிக்கும் போகும் பெண்ணைத் தள்ளிவைக்கும் நம்மூர் முறை எனக்கு உறுத்துகிறது.

மாமியார் கார்டிலேயே இருக்கும் மருமகளுக்குத் தனியாக வராது. அதற்காக ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு பொய்யாகக் கார்டு பிரிக்க வேண்டாம். வீட்டு விசாரணையில் மாட்டிக்கொள்வீர்கள். நிராகரிப்பு சரியில்லை என்று தோன்றினால், தகவல் வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய விதி இருக்கிறது.

உண்மையில் பெரிய பணம் இருப்பது இ.எஸ்.ஐ.யில். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவீதம் போடும். பிரசவத்துக்கு 26 வாரம், முழு நாள் சம்பளக் கணக்கில் பணம் வரும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். இதற்குத் தேவை, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் மொத்தம் 70 நாள்.

பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. 2026 மார்ச்சில் குழந்தை பிறந்தால், பார்க்கப்படுவது 2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரையிலான கணக்கு. 2025 நவம்பரில் முதன்முதலாகச் சேர்ந்த பெண்ணுக்கு வைத்தியம் உண்டு, பிரசவகாலச் சம்பளம் கிடையாது. சம்பளம் ஐநூறு ரூபாய் கூடுகிறதென்று கம்பெனி மாறும் பெண்களுக்குச் சொல்கிறேன்: புது இடத்தில் பழைய இ.எஸ்.ஐ. நம்பரையே கொடுங்கள். “முன்னால் எங்கும் வேலை செய்யவில்லை” என்று சொல்லிப் புது நம்பர் வாங்கினால், பழைய நாள்கள் இந்தக் கணக்கில் சேராமல் நிற்கும்.

சம்பளச் சீட்டில் ‘வேலை நாள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நீங்கள் 24 நாள் போயிருக்க, அங்கே 15 என்று இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். பிடித்தம் செய்துவிட்டு நிர்வாகம் கட்டவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். உங்களுக்காகக் கட்டியிருக்க வேண்டிய நாள்தான் சட்டத்துக்குக் கணக்கு. சீட்டுகளை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள்.

குழந்தை பிறந்ததும் அதன் பெயரை இ.எஸ்.ஐ. பதிவில் சேர்த்துவிடுங்கள். இங்கே குடும்பம் என்பது ரேஷன் கார்டு அல்ல: கணவன் அல்லது மனைவி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், படித்துக்கொண்டிருந்தால் 21 வரை, மணமாகாத மகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண் தொழிலாளியை நம்பியிருக்கும் மாமனார், மாமியாரையும் இந்த வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது.

வீட்டிலேயே உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்கு அப்பர் தைப்பவர்களுக்கு இதெல்லாம் இல்லை. காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று மாநில அரசின் நல வாரியம் ஒன்று இருக்கிறது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் அதில் பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு ஆகியவற்றுக்கு உதவி கேட்கலாம். கர்ப்பம் உறுதியானால் 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, மகப்பேறு உதவிக்குத் தேவையான நம்பரை வாங்குங்கள். ஏழைக் குடும்பங்களுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, முதல் இரண்டு பிரசவங்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்களோடு சேர்த்து 18,000 ரூபாய்.

வருமான வரிச் சலுகையா? 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 12 லட்சம் வரை சம்பள வருமானத்துக்கு வரியே வராது. சூப்பர்வைசர் வீட்டுக்கும் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை. பழைய முறையில் இருப்பவர்கள் மட்டும் 80சி பிரிவில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் காட்டலாம். அம்மா, அப்பா இருவரும் வரி கட்டினால் ஆளுக்கு இரண்டு பிள்ளைகள் கணக்கு.

வருமானமே கேட்காத திட்டமும் உண்டு. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப்பெண், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மகளுக்குக் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 தருகிறது; வீட்டில் எத்தனை மகள்கள் என்ற கேள்வியும் இல்லை. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவிகளுக்கும் 2024 டிசம்பரிலிருந்து புதுமைப்பெண் உண்டு. கம்பெனியில் ஓவர்டைம் நன்றாக வருகிறதென்று எட்டாவதில் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றி, ஆர்டர் குறைந்ததும் பத்தாவதில் அரசுப் பள்ளிக்கே திரும்பக் கொண்டுவரும் பெற்றோரைப் பார்க்கிறேன். நடுவில் அந்த இரண்டு வருடம் போனதில் தகுதியும் போய்விடும். கல்வி உரிமைச் சட்ட (ஆர்.டி.இ.) ஒதுக்கீட்டில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. டி.சி. கேட்டு எழுதிக் கொடுப்பதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் இதை ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.